அறிவார்ந்த முதலீட்டாளர்: கிரஹாமின் நூலும் ஆலோசனை தேடும் சிறு முதலீட்டாளரும்

'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்' பெஞ்சமின் கிரஹாம் எழுதி 1949-இல் அமெரிக்காவில் வெளிவந்த முதலீட்டு நூல். பங்கு, கடன் பத்திரம், நிதித் திட்டம் ஆகியவற்றில் பணம் போடும் தனிநபருக்காக எழுதப்பட்டது. பலமுறை திருத்தப்பட்டது. ஆசிரியர் கைப்பட்ட கடைசிப் பதிப்பு 1973-இல் வந்தது. 2003-இல் ஜேசன் ஸ்வைக் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் விளக்கவுரை சேர்த்து மறுபதிப்பு வெளியானது. பங்குச்சந்தைக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கும் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களுக்கும் முதலில் பரிந்துரைக்கப்படும் நூல்களில் இது ஒன்று. பரிந்துரைப்பவர்களில் பலர் இதை முழுதாக வாசித்ததில்லை என்பதும் அவர்கள் பேச்சிலிருந்தே தெரியும்.

சிறு முதலீட்டாளர் மூன்று கேள்விகளோடு ஆலோசனை தேடுகிறார். எந்தப் பங்கை வாங்குவது? எந்த ஃபண்டில் போடுவது? சந்தை விழுந்தால் என்ன செய்வது? இவற்றுக்குக் கிரஹாம் தரும் விடைகளில் எவை இன்றைய இந்திய முதலீட்டாளருக்குப் பயன்படும், எவை பயன்படா, எவை அவரைத் தவறாக நடத்தும் என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

ஆசிரியரும் பின்னணியும்

கிரஹாம் 1894-இல் லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் கடன் வாங்கிப் பங்குகளில் போட்ட சிறு தொகை 1907-ஆம் ஆண்டு நெருக்கடியில் கரைந்தது. 1914-இல் கொலம்பியா பல்கலைக்கழகப் படிப்பை முடித்து வால் ஸ்ட்ரீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். 1929 முதல் 1932 வரையிலான வீழ்ச்சியில் அவர் நிர்வகித்த முதலீட்டுக் கணக்கு ஏறத்தாழ 70 விழுக்காடு மதிப்பை இழந்தது. அதன்பின் டேவிட் டாட் உடன் இணைந்து எழுதிய 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' 1934-இல் வந்தது. அது தொழில்முறைப் பகுப்பாய்வாளர்களுக்கான பெருநூல். அதன் சாரத்தைச் சாதாரண வாசகருக்குக் கொண்டுவரும் முயற்சியே 1949-ஆம் ஆண்டு நூல். கிரஹாம் 1976-இல் காலமானார்.

அவர் மாணவர்களில் உலகறிந்தவர் வாரன் பஃபெட். 19 வயதில் இந்த நூலைப் படித்ததாகவும் அது தன் சிந்தனையை மாற்றியதாகவும் பஃபெட் பலமுறை கூறியிருக்கிறார். நூலின் இன்றைய புகழில் பெரும்பகுதி அந்தச் சான்றிதழால் வந்தது. இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. பஃபெட்டைப் போல ஆகலாம் என்று எண்ணி நூலைக் கையிலெடுப்பவருக்கு, நூல் சொல்வதோ பெரும்பாலும் அதற்கு நேர்மாறான செய்தி.

மையக் கருத்துகள்

நூலின் அடித்தளம் நான்கு கருத்துகளில் நிற்கிறது. முதலாவது, முதலீட்டுக்கும் ஊக வாணிபத்துக்கும் உள்ள வேறுபாடு. ஆராய்ந்து, போட்ட முதலுக்குப் பாதுகாப்பும் போதுமான வருமானமும் எதிர்பார்க்கத்தக்க இடத்தில் போடுவது மட்டுமே முதலீடு. மற்றவை ஊகம். ஊகம் குற்றமல்ல என்கிறார் கிரஹாம். ஊகத்தை முதலீடு என்று நம்பிக்கொண்டு செய்வதே ஆபத்து.

இரண்டாவது, தற்காப்பு முதலீட்டாளர், முனைப்பு முதலீட்டாளர் என்ற பிரிவு. இப்பிரிவு வயதையோ துணிச்சலையோ வைத்துச் செய்யப்பட்டதல்ல. எவ்வளவு நேரமும் உழைப்பும் தர முடியும் என்பதை வைத்துச் செய்யப்பட்டது. மூன்றாவது, 'திருவாளர் சந்தை' என்ற உருவகம். நான்காவது, 'பாதுகாப்பு இடைவெளி'. பொருளின் மதிப்பைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வாங்கினால், கணிப்பு தவறினாலும் நட்டம் மட்டுப்படும் என்பது அதன் பொருள்.

இளைஞர் என்றால் 'ரிஸ்க்' எடுக்கலாம், ஓய்வு பெற்றவர் என்றால் கூடாது என்பது இன்றும் வழங்கும் ஆலோசனை. கிரஹாமின் இரண்டாவது கருத்து இதை மறுக்கிறது. நேரமும் பயிற்சியும் இல்லாத 25 வயதுக்காரர் தற்காப்பு முதலீட்டாளராகவே இருக்க வேண்டும். அரைகுறை முனைப்புக்கு அரைகுறை லாபம் கிடைக்காது, நட்டமே கிடைக்கும் என்பது அவர் நிலைப்பாடு. நூலில் மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுவே.

எந்தப் பங்கை வாங்குவது?

தற்காப்பு முதலீட்டாளருக்குக் கிரஹாம் ஏழு சோதனைகளைத் தருகிறார். நிறுவனம் போதுமான அளவு பெரியதாக இருக்க வேண்டும். நடப்புச் சொத்து நடப்புக் கடனைப் போல் இரு மடங்கு இருக்க வேண்டும். கடந்த 10 ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் லாபம் ஈட்டியிருக்க வேண்டும். குறைந்தது 20 ஆண்டுகள் இடைவிடாமல் ஈவுத்தொகை தந்திருக்க வேண்டும். 10 ஆண்டுகளில் பங்குவாரி வருவாய் மூன்றில் ஒரு பங்காவது வளர்ந்திருக்க வேண்டும். விலை, கடந்த மூன்றாண்டுச் சராசரி வருவாயில் 15 மடங்கைத் தாண்டக் கூடாது. புத்தக மதிப்பில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. கடைசி இரண்டையும் பெருக்கினால் 22.5 வரை அனுமதிக்கலாம். இப்படித் தேர்ந்த பங்குகள் 10 முதல் 30 வரை இருக்கலாம்.

இச்சோதனைகளை இந்தியச் சந்தைக்கு அப்படியே கொண்டுவந்தால் மூன்று இடர்ப்பாடுகள் எழுகின்றன.

ஒன்று, விலை. ஹிந்துஸ்தான் யூனிலீவர், நெஸ்லே இந்தியா, ஏசியன் பெயின்ட்ஸ் போன்ற நிறுவனங்கள் நீண்ட காலமாக 15 மடங்குக்கு மிக உயரத்திலேயே வாங்கி விற்கப்படுகின்றன. இச்சோதனையை எழுத்துப்படி கடைப்பிடித்தவர் அவற்றை இரு பத்தாண்டுகளாகத் தொட்டிருக்க மாட்டார். அவருக்கு மிஞ்சியிருக்கக் கூடியவை பெரும்பாலும் சுரங்கம், எண்ணெய், மின்சாரம் போன்ற துறைகளின் பங்குகள். இது கிரஹாம் தவறு என்பதற்கு நிரூபணமாகாது. அதிக விலை கொடுத்தவர் பின்னர் வருந்திய காலங்களும் உண்டு. ஆனால் சோதனை ஒரு முழுச் சந்தையின் பாதியை மறைக்கும்போது அதைப் பொதுவிதி என்று கற்பிப்பது சரியல்ல.

இரண்டு, வங்கிகள். இந்தியக் குறியீட்டெண்களில் வங்கி, நிதி நிறுவனங்களின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வங்கிக்கு நடப்புச் சொத்து விகிதம் என்ற சோதனையே பொருந்தாது. நிதி நிறுவனங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்லத் தன்னிடம் ஒன்றுமில்லை என்று கிரஹாமே ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுகிறார். அந்த நேர்மை பாராட்டத்தக்கது. ஆனால் வாசகர் கையில் இருப்பது மூன்றில் ஒரு பங்கு சந்தைக்குச் செல்லாத அளவுகோல்.

மூன்று, எண்களின் நம்பகத்தன்மை. சோதனைகள் அனைத்தும் நிறுவனம் வெளியிடும் கணக்கை உண்மை என்று கொள்கின்றன. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், இருப்புநிலைக் குறிப்பில் காட்டப்பட்ட ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. பொய்யாகக் காட்டப்பட்ட ரொக்கம் நடப்புச் சொத்துச் சோதனையில் நிறுவனத்தை மேலும் வலிமையாகவே காட்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அந்நிறுவனம் நல்ல நிர்வாகத்துக்கான விருது பெற்றிருந்தது. பல பங்குகளாகப் பிரித்துப் போடு என்ற கிரஹாமின் இன்னொரு விதியே இங்கு முதலீட்டாளரைக் காத்திருக்கும். அந்த ஏழு சோதனைகள் அல்ல.

கிரஹாம் பென் சென்ட்ரல் ரயில்வே போன்ற வீழ்ந்த நிறுவனங்களின் கணக்கைப் பிரித்துக் காட்டும் அத்தியாயம் மாணவர்களுக்கு நல்ல பாடம். பெரிய லாபம் காட்டிய அந்த நிறுவனம் பல ஆண்டுகளாகக் குறிப்பிடத்தக்க வருமான வரி செலுத்தவில்லை என்பதை அவர் சுட்டுகிறார். லாபம் உண்மையென்றால் வரி எங்கே என்ற கேள்வி இன்றும் எந்த ஆண்டறிக்கைக்கும் பொருந்தும். ஆனால் 1970-இல் திவாலான நிறுவனத்தை அதன்பின் ஆராய்வது எளிது. அதே அறிகுறிகளோடு திவாலாகாமல் தப்பிய நிறுவனங்கள் எத்தனை என்பதை நூல் சொல்வதில்லை.

1976-இல் 'ஃபைனான்ஷியல் அனலிஸ்ட்ஸ் ஜர்னல்' இதழுக்கு அளித்த நேர்காணலில், விரிவான பகுப்பாய்வின் மூலம் சிறந்த பங்குகளைக் கண்டெடுக்கலாம் என்பதைத் தான் இனி வலியுறுத்துவதில்லை என்று கிரஹாமே கூறினார். அத்துறையில் உழைப்பவர் பெருகிவிட்டதால் உழைப்புக்கேற்ற பலன் அரிதாகிவிட்டது என்பது அவர் கருத்து. நூலைத் தூக்கிப் பிடிப்பவர்கள் இந்தக் கடைசிச் சொல்லை அரிதாகவே குறிப்பிடுகிறார்கள்.

எந்த ஃபண்டில் போடுவது?

நிதித் திட்டங்கள் பற்றிய ஒன்பதாம் அத்தியாயம் அக்காலத் தரவுகளால் பழசாகிவிட்டது. அதன் முடிவுகள் பழசாகவில்லை. 1960-களின் பத்தாண்டில் மிகப்பெரிய அமெரிக்க ஃபண்டுகளின் கூட்டு வருமானம் பொதுச் சந்தைக் குறியீட்டை ஒட்டியே இருந்தது என்று அவர் காட்டுகிறார். விரைந்து வளர்ந்த 'நட்சத்திர' ஃபண்டுகள் அடுத்த வீழ்ச்சியில் எப்படி உதிர்ந்தன என்பதையும் விளக்குகிறார். கடந்த ஆண்டு முதலிடம் பிடித்த ஃபண்டைத் தேடி ஓடும் பழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு அந்தக் காலத்தில் எழுதப்படவில்லை.

இவ்வத்தியாயத்தில் அவர் தரும் நடைமுறை அறிவுரை, திறந்தமுனை ஃபண்டைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குவதைவிட, நிகர சொத்து மதிப்புக்கு 10 முதல் 15 விழுக்காடு கீழே கிடைக்கும் மூடியமுனை ஃபண்டுகளை வாங்கலாம் என்பது. இந்திய அனுபவம் இதற்கு நல்ல அடிக்குறிப்பு. 1994-இல் மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்ட் வெளியானபோது விண்ணப்பப் படிவத்துக்கே மக்கள் வரிசையில் நின்றார்கள். பட்டியலிடப்பட்ட பின் நீண்ட காலம் அது நிகர மதிப்புக்குக் கீழேயே விலைபோனது. வரிசையில் நின்று முழு விலைக்கு வாங்கியவரைவிட, ஆரவாரம் அடங்கியபின் தள்ளுபடியில் வாங்கியவரே கிரஹாமின் மாணவர். அந்த வெளியீடு தொடர்பான வழக்கில், பங்கு ஒதுக்கப்படுவதற்கு முன் விண்ணப்பதாரர் சட்டப்படி நுகர்வோர் ஆகார் என்று உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு தீர்ப்பளித்ததும் நினைவில் வைக்கத்தக்கது.

கட்டணம் என்ற பொருளைக் கிரஹாம் கோடிட்டுக் காட்டினாரே தவிர அதன் கணக்கைப் போடவில்லை. மாதம் 10,000 ரூபாய் வீதம் 25 ஆண்டுகள் போடும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் கையிலிருந்து போகும் தொகை 30 லட்சம். ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ந்தால் ஏறத்தாழ 1 கோடியே 88 லட்சம் சேரும். செலவு விகிதத்தில் ஒரு விழுக்காடு கூடி, நிகர வளர்ச்சி 11 ஆனால் 1 கோடியே 58 லட்சம் மட்டுமே. ஒரு விழுக்காட்டின் விலை 30 லட்சம். அதாவது அவர் 25 ஆண்டுகள் சேமித்த முழுத் தொகை. வளர்ச்சி விகிதம் இங்கு வெறும் எடுத்துக்காட்டு. எந்த ஃபண்டும் அதை உறுதியளிக்க முடியாது. கட்டணம் மட்டும் உறுதியாகக் கழிக்கப்படும்.

இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல் நுழைவுக் கட்டணம் நீக்கப்பட்டது. 2013 ஜனவரி முதல் விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் 'டைரக்ட்' திட்டங்கள் ஒவ்வொரு ஃபண்டிலும் கட்டாயமாயின. அமெரிக்காவில் ஜான் போகல் பொதுமக்களுக்கான முதல் இன்டெக்ஸ் ஃபண்டைத் தொடங்கியது 1976-இல், கிரஹாம் இறப்பதற்குச் சில வாரங்கள் முன். 15 கோடி டாலர் திரட்ட எண்ணிய வெளியீட்டுக்கு வந்தது சுமார் 1 கோடியே 13 லட்சம் டாலர். தற்காப்பு முதலீட்டாளருக்கு வேண்டியது என்று கிரஹாம் விவரித்த பொருள் அவர் நூலின் கடைசிப் பதிப்புக்குப் பின்னரே கடைக்கு வந்தது. ஆகவே ஏழு சோதனைகளை, அப்பொருள் இல்லாத காலத்து மாற்று ஏற்பாடு என்று வாசிப்பதே பொருத்தம். பஃபெட்டும் தன் மனைவிக்கு விட்டுச்செல்லும் தொகையில் 90 விழுக்காட்டை குறியீட்டு ஃபண்டில் போடச் சொல்லியிருப்பதாக 2013-ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் எழுதினார்.

சந்தை அபாயம்

திருவாளர் சந்தை என்பவர் நம் கூட்டாளி. தினமும் வந்து நம் பங்குக்கு ஒரு விலை சொல்வார். சில நாள் உற்சாகத்தில் அதிகமாக, சில நாள் பீதியில் மிகக் குறைவாக. விருப்பமிருந்தால் விற்கலாம், வாங்கலாம், அல்லது பேசாமல் அனுப்பிவிடலாம். விலை இறங்குவது நட்டமல்ல, இறங்கிய விலைக்கு விற்பதே நட்டம் என்பது உருவகத்தின் உட்பொருள். 2008 ஜனவரியில் 21,000 அளவில் இருந்த சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,500 அளவுக்கு வந்தது. 2020 மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,934 புள்ளிகள் சரிந்து 25,981-இல் முடிந்தது. இரண்டு வீழ்ச்சியிலும் விற்காமல் இருந்தவர் மீண்டார்.

ஆனால் விற்காமல் இருப்பது மனவுறுதியால் மட்டும் கூடுவதல்ல. மகள் திருமணம், கல்லூரிக் கட்டணம், மருத்துவமனைச் செலவு ஆகியவை சந்தையின் மனநிலை பார்த்து வருவதில்லை. வேலை பறிபோவதும் சந்தை விழுவதும் பெரும்பாலும் ஒரே பொருளாதார நெருக்கடியின் இரு முகங்கள். 2020-இல் பலர் விற்றது பயத்தால் அல்ல, சம்பளம் நின்றதால். கிரஹாம் இதற்குத் தரும் விடை பிரிவினை விதி. பங்கில் 25 விழுக்காட்டுக்குக் குறையாமலும் 75-க்கு மேற்படாமலும் வைத்து மீதியைக் கடன் பத்திரங்களில் வைக்க வேண்டும். பாதிக்குப் பாதி என்பது எளிய நடுநிலை. நல்ல விதி இது. இந்தியச் சம்பளக்காரருக்கு வருங்கால வைப்பு நிதி, பொது வருங்கால வைப்பு நிதி, அஞ்சலகச் சேமிப்பு ஆகியவற்றில் இந்த 'மறுபாதி' ஏற்கெனவே இருக்கலாம். அதைக் கணக்கில் சேர்க்காமல் ஃபண்டுகளுக்குள் மட்டும் பங்கீடு பேசும் ஆலோசனை அரைக் கணக்கு.

மறுபாதி பாதுகாப்பானது என்ற எண்ணத்திலும் எச்சரிக்கை தேவை. யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியாவின் யூ.எஸ்.-64 திட்டம் 1964 முதல் நடந்தது. வங்கி வைப்பைப் போலவே மக்கள் அதை நம்பினார்கள். அதன் விலை சொத்து மதிப்பை ஒட்டாமல் நிர்வாகத்தால் நிர்ணயிக்கப்பட்டது. 2001 ஜூலையில் விற்பனையும் திரும்பப் பெறுதலும் ஆறு மாதம் நிறுத்தப்பட்டபோதுதான் உள்ளே இருந்த மதிப்பு எவ்வளவு குறைவு என்பது வெளியே தெரிந்தது. 2020 ஏப்ரல் 23 அன்று ஃபிராங்ளின் டெம்பிள்டன் தன் ஆறு கடன் ஃபண்டுகளை மூடியது. 25,000 கோடி ரூபாய் அளவிலான தொகை முடங்கி, பின்னர் தவணைகளில் திரும்பியது. அதிக வட்டி தரும் கடன் பத்திரத்தில் அபாயம் ஒளிந்திருக்கிறது என்று கிரஹாம் 1949-லேயே எச்சரித்தார். ஆனால் பத்திரமும் அதைச் சுமக்கும் ஃபண்டும் ஒன்றல்ல. பத்திரம் நல்லதாக இருந்தும் பணம் உரிய நாளில் கைக்கு வராமல் போகலாம் என்பதை நூல் போதுமான அளவு பேசவில்லை.

தங்கம் பற்றிய பகுதி நூலின் பலவீனமான இடம். தமிழ் வாசகர் இதைக் கவனமாக வாசிக்க வேண்டும். தங்கத்தின் விலை 35 ஆண்டுகளில் 35 டாலரிலிருந்து 1972 தொடக்கத்தில் 48 டாலருக்கே உயர்ந்தது, ஆகவே பணவீக்கத்துக்கு எதிராக அது மோசமான காப்பு என்கிறார் கிரஹாம். அமெரிக்கர்கள் தங்கம் வைத்திருக்கச் சட்டம் தடுத்தது அவர்கள் நல்லகாலம் என்றும் கருதுகிறார். ஆனால் அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் விலையைக் கட்டி வைத்திருந்தது அமெரிக்க அரசு. 1971 ஆகஸ்டில் அக்கட்டு அவிழ்ந்தது. 1980 ஜனவரியில் விலை 850 டாலரைத் தொட்டது. கட்டி வைக்கப்பட்ட விலையைச் சந்தை விலைபோல வாசித்ததே அவர் பிழை. பழைய வருமானம் எதிர்கால வருமானத்துக்குச் சான்றல்ல என்று மற்ற இடங்களில் வலியுறுத்தும் ஆசிரியர் இங்கு தன் விதியையே மறந்தார். இதைத் தங்கம் வாங்கு என்ற பரிந்துரையாகவும் கொள்ளக் கூடாது. 1980-இன் உச்சத்தில் டாலர் விலையில் வாங்கியவர் அந்த விலையை மீண்டும் காண ஏறத்தாழ 28 ஆண்டுகள் காத்திருந்தார்.

ஆலோசகர்கள்

பத்தாம் அத்தியாயம் நூலில் குறைவாகப் பேசப்படுவது, ஆனால் இன்று அதிகம் தேவைப்படுவது. நோய்க்கு மருத்துவரிடமும் வழக்குக்கு வழக்கறிஞரிடமும் ஆலோசனை கேட்பது இயல்பு. ஆனால் 'நான் எப்படிப் பணம் சம்பாதிப்பது' என்று இன்னொருவரைக் கேட்பது வேறெந்தத் தொழிலிலும் இல்லாத விநோதம் என்று கிரஹாம் தொடங்குகிறார். உறவினர், நண்பர், வங்கியாளர், தரகு நிறுவனம், கட்டண ஆலோசகர் என ஆலோசனை வரும் வழிகளைப் பிரிக்கிறார். நல்ல ஆலோசகர் பெரும் லாபம் வாக்களிப்பதில்லை, முதலைக் காப்பதையே தன் வேலையாகக் கொள்வார் என்கிறார். தரகரின் வருமானம் வாடிக்கையாளர் எத்தனை முறை வாங்கி விற்கிறார் என்பதைப் பொறுத்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். வழக்கத்துக்கு மாறான லாபம் வேண்டுமென்றால் ஒன்று நீங்களே அந்தத் துறையை அறிந்தவராக இருக்க வேண்டும், அல்லது ஆலோசகரை மிக நெருக்கமாக அறிந்தவராக இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எளிய, பழமையான வழியோடு நிற்பதே நல்லது.

இதிலிருந்து வாசகர் எடுத்துக்கொள்ளத்தக்க ஒரே கேள்வி: நான் இதைச் செய்தால் எனக்குச் சொன்னவருக்கு என்ன கிடைக்கிறது? வங்கி அலுவலர் வைப்புத்தொகை முதிர்ந்த அன்று காப்பீட்டோடு இணைந்த திட்டத்தை நீட்டினால் இக்கேள்வியைக் கேட்கலாம். ஃபண்ட் விநியோகஸ்தரிடம் கேட்கலாம். இலவச வகுப்பு நடத்துபவரிடமும் கேட்கலாம். பதில் தர மறுப்பதே பதிலாகிவிடும்.

பகுப்பாய்வாளர்களுக்குத் தகுதித்தேர்வு வேண்டும் என்று 1940-களிலேயே வாதிட்டவர் கிரஹாம். இந்தியாவில் இந்தியப் பங்கு பரிவர்த்தனை வாரியமான செபி, முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளை 2013-லும் ஆய்வாளர் விதிமுறைகளை 2014-லும் கொண்டுவந்தது. கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் பதிவு செய்ய வேண்டும், அதே வாடிக்கையாளரிடம் விற்பனைக் கமிஷனும் வாங்கக் கூடாது என்பது இவற்றின் கருத்து. நல்ல விதி. ஆனால் 2024 முடிவில் நாட்டில் டீமேட் கணக்குகள் 18 கோடியைத் தாண்டியிருந்தன. பதிவு பெற்ற ஆலோசகர்களின் எண்ணிக்கையோ ஆயிரத்தைச் சுற்றியே இருந்தது. இடையிலுள்ள பள்ளத்தைக் காணொளிகளும் கட்டணக் குழுக்களும் நிரப்புகின்றன. பதிவில்லாதவர்களோடு தரகு நிறுவனங்கள் தொடர்பு வைப்பதை செபி 2024-இல் தடுத்தது. 'கல்வி' என்ற பெயரில் பங்குப் பரிந்துரை செய்யாதிருக்க, கற்பிப்போர் கடந்த மூன்று மாத விலையைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் விளக்கியது. ஆலோசகரை நெருக்கமாக அறிந்திருக்க வேண்டும் என்ற கிரஹாமின் நிபந்தனை இங்கு சிதைகிறது. தினமும் முகம் பார்த்துக் குரல் கேட்பதால், அறியாத ஒருவரை அறிந்தவர்போல உணர்வதே இந்தக் காலத்தின் பொறி.

குணம் மட்டும்தான் காரணமா?

முதலீட்டாளரின் பெரிய எதிரி அவரே என்பது நூலின் புகழ்பெற்ற கருத்து. அறிவு என்று கிரஹாம் சொல்வது மூளைத்திறனை அல்ல, பொறுமையையும் அடக்கத்தையும். இக்கருத்து உண்மை. ஆனால் முழு உண்மையாகாது. இந்த நூலின் மீது வைக்கத்தக்க முதன்மையான குற்றச்சாட்டு இதுவே.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் ஈடுபட்ட ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர். சராசரி நட்டம் செலவு உட்பட ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். மொத்த நட்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் கண்டவர் 1 விழுக்காடு. தொடர்ந்து இரண்டாண்டு நட்டப்பட்டும் நான்கில் மூன்று பேருக்கு மேல் விடவில்லை. ஈடுபட்டவர்களில் 30 வயதுக்குட்பட்டவர் பங்கு ஓராண்டில் 31-இலிருந்து 43 விழுக்காடாக உயர்ந்தது. மறுபக்கத்தில் லாபம் ஈட்டிய நிறுவனங்களும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் பெரும்பாலும் கணினி நிரல் வழியே வணிகம் செய்தவர்கள்.

நூறில் 93 பேருக்கும் குணக்கேடு என்று சொல்வது விளக்கமாகாது. ஒரே விளையாட்டில் ஏறத்தாழ எல்லோரும் தோற்றால், ஆடுபவரைப் பார்ப்பதோடு ஆட்டக்களத்தையும் பார்க்க வேண்டும். வாரந்தோறும் முடியும் ஒப்பந்தங்கள், சில நூறு ரூபாயில் கிடைக்கும் ஆப்ஷன், ஒவ்வொரு ஆர்டருக்கும் கட்டணம் பெறும் தரகு நிறுவனம், கைப்பேசியில் நொடிக்கொரு விலை ஆகியவை சேர்ந்து கட்டிய களம் அது. திருவாளர் சந்தை இப்போது தினம் ஒருமுறை கதவைத் தட்டுபவர் அல்லர். சட்டைப்பையில் குடியிருப்பவர். கதவைத் தட்டுபவரை அனுப்பிவிடலாம் என்ற அறிவுரை அவருக்குச் செல்லாது. செயலியை நீக்குவதும், வாங்கும் தேதியைத் தானியங்கியாக்குவதும், ஊகப் பிரிவைக் கணக்கில் திறக்காமலே விடுவதும் பொறுமையைப் பற்றிய உபதேசத்தைவிடப் பயன்தரும். 2024 நவம்பரில் செபி ஒப்பந்த அளவை உயர்த்தி, வாராந்திர முடிவுகளை ஒரு சந்தைக்கு ஒரு குறியீடு என்று குறைத்ததும் களத்தைத் திருத்தும் முயற்சியே. அதன்பின்னும் 2025 நிதியாண்டில் 91 விழுக்காட்டினர் நட்டமடைந்தனர்.

ஆலோசகர் அத்தியாயத்தில் தரகரின் வருமான வழியைக் கண்ட கிரஹாம் அந்த இழையை இறுதிவரை பின்தொடரவில்லை. பழியைத் தனிமனிதர்மேல் வைப்பது தொழில்துறைக்கும் வசதியாக அமைந்துவிட்டது. எச்சரிக்கை வாசகத்தை வேகமாகப் படித்துமுடிக்கும் விளம்பரம், நட்டம் வந்தால் பொறுப்பு வாசிக்காத உங்களுடையது என்றே சொல்கிறது.

ஜெய்கோ முரண்

நூலின் பின்னுரையில் கிரஹாம் ஒரு கதை சொல்கிறார். இரு கூட்டாளிகள் ஒரு நிறுவனத்தின் பாதியை வாங்கினார்கள். நிதியின் ஐந்தில் ஒரு பங்கை அதில் போட்டார்கள். அந்த ஒரு முடிவில் வந்த லாபம், 20 ஆண்டுகள் உழைத்துச் செய்த மற்ற எல்லா முதலீடுகளின் லாபத்தையும் விஞ்சியது. பெயர் சொல்லாவிட்டாலும் கூட்டாளிகள் கிரஹாமும் ஜெரோம் நியூமனும், நிறுவனம் 1948-இல் வாங்கிய ஜெய்கோ காப்பீடு என்பது அறிந்ததே.

பங்குகளைப் பிரித்துப் போடச் சொன்னவரின் பெருஞ்செல்வம் விதியை மீறியதால் வந்தது. இதை மறைக்காமல் எழுதியது அவர் பெருமை. அதிர்ஷ்டமும் தயாராக இருந்த அறிவும் சேர்ந்தன என்ற தொனியில் அவர் அதை முடிக்கிறார். வாசகர் இதைத் தானும் விதியை மீறலாம் என்பதற்கு அனுமதியாக வாசிப்பதே வழக்கமான தவறு. அதே ஜெய்கோ 1976-இல் திவாலின் விளிம்புக்குப் போய், பங்கு விலை சில டாலர்களுக்கு இறங்கியது. வெற்றி பெற்ற ஒருவரின் வரலாறு மட்டுமே நம் கைக்கு வருகிறது. அதே துணிச்சலோடு ஒரே நிறுவனத்தில் போட்டு அழிந்தவர்கள் நூல் எழுதுவதில்லை.

மதிப்பீடு

இந்நூலைப் பங்கு தேர்வுக் கையேடாக வாசித்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் எண்கள் வேறொரு நாட்டின், வேறொரு காலத்தின் எண்கள். வங்கிகளுக்குப் பொருந்தாது, பொய்க் கணக்கைப் பிடிக்காது, தங்கம் பற்றித் தவறாகச் சொல்கிறது. ஆசிரியரே பிற்காலத்தில் அந்த வழியிலிருந்து விலகினார். களத்தின் அமைப்பைவிட ஆடுபவரின் குணத்தை அதிகம் பேசுகிறது.

அதன் நிலையான மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. எந்தப் பங்கு என்ற கேள்விக்கு முன்னால் மூன்று கேள்விகளை வைக்கிறது. எனக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது? இந்தப் பணம் எப்போது வேண்டும்? எனக்குச் சொல்பவர் எப்படிச் சம்பாதிக்கிறார்? இவற்றுக்கு நேர்மையாக விடை எழுதிப் பார்த்தால் பெரும்பாலான சிறு முதலீட்டாளர்களுக்குப் பங்குப் பரிந்துரையே தேவைப்படாது. குறைந்த செலவில் ஓர் இன்டெக்ஸ் ஃபண்டும், ஏற்கெனவே இருக்கும் வைப்பு நிதியும், ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பும் போதுமானவை என்று தெரியவரும்.

மாணவர்கள் முதல் வாசிப்பில் பங்குச்சந்தையின் ஏற்ற இறக்கம் பற்றிய எட்டாம் அத்தியாயத்தையும், ஆலோசகர்கள் பற்றிய பத்தாம் அத்தியாயத்தையும், பாதுகாப்பு இடைவெளி பற்றிய இருபதாம் அத்தியாயத்தையும் வாசித்தால் போதும். நிறுவன ஒப்பீட்டு அத்தியாயங்களைக் கணக்கியல் கற்றபின் வாசிக்கலாம். ஸ்வைக்கின் விளக்கவுரை உதவும், ஆனால் 2003 பதிப்பில் அதன் எடுத்துக்காட்டுகளும் 2000-ஆம் ஆண்டின் இணைய நிறுவன வீழ்ச்சியை ஒட்டிய காலத்தோடு நின்றுவிடுகின்றன. அதற்குப் பிந்தைய இந்திய எடுத்துக்காட்டுகளை வாசகரே எழுதிச் சேர்க்க வேண்டும். யூ.எஸ்.-64, சத்யம், 2020-இல் மூடப்பட்ட கடன் ஃபண்டுகள், ஆப்ஷன் கணக்குகள் என அதற்கான பொருளுக்குப் பஞ்சமில்லை.